கைதட்டக் கூடாத குதிரை: கடலூரிலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

குதிரைக்குச் சுண்டல் தாளித்து எடுத்துக்கொண்டு போன ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கொள்ளு என்றால் குதிரை விடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று கொள்ளை வேகவைத்தவன், பழக்க தோஷத்தில் கடுகு, காய்ந்த மிளகாய், தேங்காய் எல்லாம் போட்டு டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டேன். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சலீம் பாய் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "உப்பு கொஞ்சம் கம்மி சார். மத்தபடி குதிரைக்குத்தான் குடுத்து வைக்கல" என்றார். பாதி அவர் தின்றார், பாதி நான் தின்றேன். குதிரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது 2010 ஜூலை. என் மகள் பவித்ராவுக்கு எட்டு வயது. பிறக்கும்போது ஏற்பட்ட சிக்கலில் காலும் இடுப்பும் விறைத்துப்போனவள். பேச்சுக்குக் குறைவில்லை, கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசுவாள். ஆனால் பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாது, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவாள். பள்ளியில் பெஞ்சோடு சேர்த்துத் துண்டால் கட்டித்தான் உட்காரவைத்தார்கள். கூடப் படிக்கும் வாண்டுகள் அதைப் பார்த்து வைத்த பெயர் 'பார்சல்'. "எனக்குத் துண்டு வேணாம்ப்பா" என்பதுதான் அந்த வருஷம் பள்ளி திறந்ததிலிருந்து அவள் பாட்டு. அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் சிதம்பரம் பக்கம் இந்த மாதிரிப் பிள்ளைகளை ஏற்றிப் பயிற்சி கொடுக்கும் ஒரு குதிரை இருப்பதைச் சொன்னார். நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன், படிப்பு பத்தாவதோடு சரி. குதிரை ஏறினால் முதுகு நிமிருமா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் கிளம்பிவிட்டோம்.

கடலூரில் காலை ஆறு பத்துக்கு ஒரு சிதம்பரம் வண்டி. 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினைந்து ரூபாய். புதுச்சத்திரம் வரை தூங்கலாம், அதற்கப்புறம் ரோடு தூங்க விடாது. வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் பையை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் அண்ணாமலை நகரைத் தாண்டிப் போக வேண்டும், ஐந்து கிலோமீட்டர் இருக்கும். நூறு கேட்பார்கள், எண்பதுக்கு வருவார்கள். குதிரைத் தோட்டம் என்றால் தெரியும். "யாரு சார் சவாரி, நீங்களா?" என்று டிரைவர் என் தொந்தியைப் பார்த்துக் கேட்டார். "அப்பா ஏறுனா குதிரை லீவு போட்டுடும் மாமா" என்றாள் பவி.

குதிரையின் பெயர் ராஜா. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளை, வயது பதினேழு. சென்னையில் தடை தாண்டும் போட்டிகளில் பரிசு வாங்கிய குதிரை. முன்னங்கால் மூட்டு தேய்ந்தபிறகு நடக்கலாம், தாண்டக் கூடாது என்று ஆகிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தது. வந்த புதிதில் தரையில் மூங்கில் கிடந்தாலே பாயப் பார்க்குமாம். "தாண்டாதடா, காலைத் தூக்கி வச்சு நடடான்னு சொல்லிக் குடுக்கவே ஆறு மாசம் ஆச்சு" என்றார் பாய். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற முடியவில்லையாம். "பரிசு குடுத்ததும் ஜனங்க கைதட்டுவாங்க இல்ல, அப்ப மைதானத்தை ஒரு சுத்து ஓடி வரணும். இப்பவும் கைதட்டுனா முட்டி வலி மறந்துடும் இவனுக்கு. அதனால இங்க யாரும் தட்டக் கூடாது."

குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, தான் நடப்பதுபோலவே அசைகிறது. அதைச் சமாளித்துச் சமாளித்து உடம்பு நிமிரப் பழகும் என்று பயிற்சி கொடுக்கும் மேடம் விளக்கினார். முதல் நாள் நானும் கூடவே நடந்தேன். பவி சேணத்தைப் பிடிக்காமல் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வாரத்துலேருந்து நீங்க வேலிக்கு வெளியில நில்லுங்க" என்றார் மேடம். அதிலிருந்து என் இடம் கொய்யா மரத்தடி.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. முன்னால் பாய் கயிற்றோடு, பக்கத்தில் மேடம். "பவி, ரெண்டு கையையும் தொடை மேல வை பாக்கலாம்" என்றார் மேடம். வைத்தாள். நாலு அடியில் இடது பக்கம் சாய்ந்தாள். என் ஒரு கால் வேலி மேல் ஏறிவிட்டது. ஆனால் பாய் கயிற்றை இழுக்காமலே ராஜா நின்றுவிட்டது. முதுகில் பாரம் ஒரு பக்கம் போவது அதற்குத் தெரிந்திருக்கிறது. காதை மட்டும் பின்னால் திருப்பிக்கொண்டு அசையாமல் நின்றது. பவி தானே தட்டுத்தடுமாறி நிமிர்ந்தபிறகு மறுபடி நடந்தது. ஒரு முழுச் சுற்று, கையை விட்டபடி. கொய்யா மரத்தடிக்கு வந்தபோது என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே வந்துவிட்டன. "தட்டிடாதப்பா, ஓடிடும்" என்றாள் மெதுவாக. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு காலையில் மட்டும்தான். பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. பிள்ளைக்கு முழுக்கால் பேண்ட் போடுங்கள், வயிறு நிறையச் சாப்பிடக் கொடுக்காதீர்கள். இது அதிசயம் இல்லை, முதல் ஒரு மாதம் ஒன்றுமே தெரியாது. பவியின் பள்ளியில் இன்னும் துண்டு இருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் மத்தியானம் களைத்தபிறகுதான் அது வெளியே வருகிறது.

பவி கையை விட்டுச் சுற்றி வந்த அந்தச் சனிக்கிழமை, திரும்பும் வண்டியில் இரண்டு பேர் சீட் கிடைத்தது. அரை டிக்கெட் வாங்கினாலும் என் மடியில்தான் வருவாள், எட்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு, "எனக்குத்தான் டிக்கெட் வாங்குனியே, என்னை எறக்கி விடு" என்றாள். முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புதுச்சத்திரத்தில் கூட்டம் ஏறியது. காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மா, "பாப்பாவ மடியில வச்சிக்கோங்களேன், நான் ஒக்காந்துக்கிறேன்" என்றார். நான் எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன். "புள்ளய மடியில வச்சிக்காம நீங்க ஏன் சார் நிக்கிறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. "சும்மாதாம்மா" என்றேன். வளைவில் சாய்ந்து தானே நிமிர்ந்துகொண்டவளைக் காட்டி வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு: "அது என் பொண்ணுங்க. தானா ஒக்காந்திருக்கா, பாருங்க."