கன்வேயர் ரப்பரில் பழகிய கைகள்

ஓராண்டுக்கு முன் எங்கள் வாசலில் வந்து நின்று எங்களைத் தாங்கிப் பிடித்தவர்கள்தான் இன்று அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் எல்லோரையும் வணங்கித் தொடங்குகிறேன். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை மூத்த மகள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நல்லதை மட்டும் எழுது என்றான் தம்பி. அப்படி எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும், அப்பாவுக்கே சிரிப்பு வரும். உள்ளபடி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில், சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத குடும்பத்தில். தாத்தா அடுத்தவர் வயலில் வேலை செய்தார். ஊரில் யார் இறந்தாலும் அவர் பறையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். வர முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. அப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் தாத்தா பறையைக் கீழே வைத்துவிட்டு, குடும்பத்தோடு நிலக்கரிச் சுரங்கத்துக்கு மண் வேலைக்கு வந்துவிட்டார். இனி இந்த வீட்டில் ஒருவன் கையிலும் குச்சி இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை மீறியது அப்பா ஒருவர்தான். அதுவும் வெகு மரியாதையாக மீறினார்.

கான்ட்ராக்டில் சேர்ந்து பல வருடம் கழித்துப் பெர்மனன்ட் ஆகி, அப்பா அங்கே நிலக்கரியைக் கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தார். அவருடைய ஷிப்டில் ராஜன் மாமா இருந்தார். நாகர்கோவில்காரர். டவுன்ஷிப் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். அப்பாவின் விரல்கள் சாப்பாட்டு டப்பாவின் மேல் சும்மா இருக்காததைப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த ஒரு பழைய ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். அதில் பாட்டு கிடையாது. பக்கம் பக்கமாக ஆர், எல் என்று இரண்டே எழுத்துகள். ஆர் என்றால் வலது கை, எல் என்றால் இடது கை. ஒரு வரியை நிறுத்தாமல் இருபது தடவை அடித்த பிறகே அடுத்த வரிக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. படித்துத் தேறக்கூடிய பாடமாக ஒரு மேளத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது இரண்டே அறை. ஒன்றில் தாத்தா. பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற மனிதர். அதனால் அப்பா, கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டில் ஒரு சாண் துண்டைக் கேட்டு, முறையாக கேட் பாஸ் எழுதி வாங்கி வந்தார். உள்ளங்கை கனம் உள்ள கறுப்பு ரப்பர். அதன் மேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, சமையலறை மூலையில் உட்கார்ந்து அடிப்பார். அப்படியும் மெல்லத் தட்டும் சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்று தாத்தா கேட்டால், பூண்டு தட்டுகிறேன் மாமா என்பார் அம்மா. வருடக்கணக்கில் எங்கள் வீட்டில் தினமும் பூண்டு தட்டப்பட்டது. பொய் சொல்ல நாங்களும் பழகிக்கொண்டோம். அப்பா மட்டும் அதை நினைத்து வெட்கப்பட்டார். தாத்தா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் தீர்மானிப்பார். சொல்ல மாட்டார். தாத்தா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு குச்சியைத் தொட அப்பாவால் முடிந்திருக்காது.

கடைசியில் ஒரு பொங்கல் விழாவில் விஷயம் வெளியே வந்தது. எங்கள் பிளாக் மைதானத்தில் மெல்லிசை. இரண்டு பாட்டுக்கு நீ உட்கார் என்று ராஜன் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலி, நான் வரவில்லை என்று தாத்தா சொல்லியிருந்ததால் அப்பா ஒப்புக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் நல்லது செய்வதாக நினைத்துத் தாத்தாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்.

அப்பா டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் அவரைப் பார்த்தார். எழுந்து ஓட வழியில்லை. பாட்டு தொடங்கியது. அப்பாவின் கைகள் அவ்வளவு அழகாக ஓடின, ஆனால் சத்தமே வரவில்லை. யாருக்கும் கேட்கக் கூடாது என்றே இத்தனை வருடம் ரப்பரில் பழகியவர். நிஜ டிரம்ஸையும் அப்படியேதான் அடித்தார். மைக் வேலை செய்யவில்லை என்று பின்வரிசையில் கத்தினார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

தாத்தா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரம் வரை நடந்தார். திட்டப் போகிறார் என்றே நாங்கள் நினைத்தோம்.

“ஏண்டா தடவிகினு இருக்கற? அடி. எனக்குக் கேக்கட்டும்.”

அப்பா அடித்தார். இரண்டாவது பாட்டு முழுக்க அழுதுகொண்டே அடித்தார். பார்த்தவர்கள் வியர்வை என்று நினைத்திருப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தாத்தா அம்மாவைக் கூப்பிட்டார். “அவனுக்கு எடது கை கொஞ்சம் பின்னாடி வருதும்மா. ரொம்ப நாளா கேட்டுகினுதான் இருக்கறேன்” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தாத்தாவே சொன்னார். “எவனும் இட்டுகினு போயி அவன அடிக்க வெக்கல. அவனா அடிக்கறான். அடிக்கட்டும்.”

அதற்குப் பிறகு அப்பா குழுவில் எத்தனையோ மேடை ஏறினார். பெரிய கலைஞர் என்று நான் சொல்ல மாட்டேன். வேகமான பாட்டில் இடது கை கடைசிவரை கொஞ்சம் பின்னால்தான் வந்தது. ஓய்வுபெற்று, பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பயிற்சி செய்தார். கோபக்காரர். சாம்பாரில் உப்பு குறைந்தால் வீடு தாங்காது. ஆனால் காலையில் நான்கு வரிகள் அடித்து முடித்த அப்பாவிடம் என்ன கேட்டாலும் கிடைக்கும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். என் கல்லூரிப் படிப்புக்கு அப்படித்தான் சம்மதம் வாங்கினேன்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் படுத்திவிட்டது. டயாலிசிஸ் ஊசி இடது கையில் என்பதால் அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார்கள். டயாலிசிஸ் படுக்கையிலும் வலது கைக்கான அடிகளை மட்டும் அடித்து, இடது கைக்கான இடங்களில் வாயால் எண்ணிக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டே தன் வேலையைப் பார்த்த செவிலியர் சகோதரிக்கும், வாரந்தோறும் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய எதிர்வீட்டுத் தம்பிக்கும், ரத்தம் கொடுத்த அப்பாவின் ஷிப்ட் நண்பர்களுக்கும், அப்பா போன பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டு அடுப்பைத் தங்கள் அடுப்பாக நினைத்துச் சமைத்துப்போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் உடலை வாசலில் கிடத்தியிருந்தபோது, மேளத்துக்கு எங்கே சொல்வது என்று ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கேட்டார்கள். யாரையும் கூப்பிட வேண்டாம் என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். மேளம் இல்லாமலே தூக்கத் தயாரானோம். அப்போது ராஜன் மாமா தெருவில் நடந்து வந்தார். தோளில் பட்டையால் மாட்டிய ஒரு சைடு டிரம். செருப்பை எங்கோ கழற்றிவிட்டிருந்தார். நேராக அம்மா முன்னால் வந்து நின்றார்.

“என்னை யாரும் கூப்பிடல தங்கச்சி. நானாத்தான் வந்தேன். அவனுக்கு அடிக்கட்டுமா?”

அம்மா கைகூப்பினார்.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். முந்திரித் தோப்பைத் தாண்டும் வரைக்கும் அவர் அடித்தது எங்களுக்குக் கேட்டது. எத்தனையோ தலைமுறையாக எங்கள் வீட்டுக் கைகள் அடுத்தவர் சாவுக்கு அடித்திருக்கின்றன. எங்களில் ஒருவருக்காக வேறொருவர் மனமுவந்து வந்து அடித்தது அன்றைக்குத்தான். ராஜன் மாமா, அப்பாவின் பிள்ளைகளான நாங்கள் உங்கள் கைகளை வணங்குகிறோம்.