மகளின் மதுக்கடை உலா

என் மகள் கொழும்பின் கோட்டைப் பகுதியில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பார் பாராக நடக்கிறாள். அதுதான் அவளுடைய வேலை. இதை இப்படித் தயங்காமல் சொல்ல எனக்கு வருஷக்கணக்கில் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதுமாக இருந்தது.

எங்களுக்குக் கேகாலை பஜாரில் ஒரு துணிக்கடை. நான் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை மரத்தில் பால் வெட்டியவள். கடைக்கு வந்த பிறகுதான் என் வாய் நீண்டுவிட்டது என்பார் கணவர். வாய் இல்லாமல் துணி விற்க முடியுமா? மகளுக்கு அந்த வாய் இல்லை, படிப்பு இருந்தது. கொழும்பில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அதோடு நிற்காமல் வழிகாட்டிப் பரீட்சையும் எழுதித் தேறினாள். யானை காட்டவோ கண்டித் தலதா மாளிகை காட்டவோ ஆட்களைக் கூட்டிப் போவாள் என்று நினைத்திருந்தோம். நிறுவனம் அவளுக்குக் கொடுத்ததோ கோட்டையின் பழைய பார்களை நடந்து சுற்றிக் காட்டும் வேலை.

எப்படித்தான் தெரிந்ததோ, மறுநாளே என் நாத்தனார் கடைக்கு வந்து நின்றாள். "என்ன அண்ணி, புள்ள பாருக்கு ஆள் சேக்குதாமே? மாப்பிள்ள வீட்ல கேட்டா என்ன சொல்லப் போறீங்க?" ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் அவள் போன பிறகு எனக்கு மகள் மேல்தான் கோபம் வந்தது. உடனே போனில் பிடித்தேன்.

"அம்மா, திட்டுறத அடுத்த வாரம் திட்டுங்க," என்றாள் அவள். "இந்தச் சனிக்கிழம என்னையும் இன்னொரு கைடையும் ஒரே எடத்துல நிக்க வைக்கிறாங்க. வர்றவங்க யார் பின்னால போறதுன்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. என் பின்னால யாரும் வரலேன்னா மறுபடியும் போன்ல உக்கார வேண்டியதுதான்."

யாரும் வரக்கூடாது என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். அதோடு விடாமல், நேரில் போய்க் கையோடு அழைத்து வந்துவிடலாம் என்று சனிக்கிழமை கொழும்பு பஸ்ஸிலும் ஏறினேன். "போறதுதான் போற, வாயத் தொறக்க முன்ன கண்ணத் தொறந்து பாரு," என்றார் கணவர்.

கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு எதிரே, ஒரு கடையின் நிழலில் ஒதுங்கி நின்று பார்த்தேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் உயரமான ஒரு பையன், சிவப்புக் குடையைச் சுழற்றிக்கொண்டு, போகிற வருகிறவரை எல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். பாட்டும் கூத்துமாக இருக்கும் புது பார்களுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னான். அவனைச் சுற்றி ஒரு கூட்டம். அந்தப் பக்கம் என் மகள், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஓர் அட்டையுமாக, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடக் காத்திருக்கும் பிள்ளையைப் போல நின்றாள். ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி அவள் அட்டையை வாசித்தார்கள். அவளைச் சுற்றி யாரும் இல்லாததைப் பார்த்தார்கள். குடைப் பக்கம் நகர்ந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் நேர்ந்த தேங்காய் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட வேண்டியவள், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையின் கடை ஈயோட்டுவதா? ஆள் நிற்கிற கடைக்குத்தான் ஆள் வரும். இது பஜாரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நாங்கள் கடை திறந்த புதிதில் என் தோட்டத்துப் பெண்களை வரவழைத்து, சேலைகளைப் பிரித்துப் போட்டு விலை கேட்டுக்கொண்டு நிற்கச் சொன்னவள் நான். இங்கே யாரை வரவழைப்பது? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

குடைப் பையன் முந்திக்கொண்டான். "அம்மே, மெஹாட்ட என்ன," இங்கே வாங்கம்மா, என்று சிங்களத்தில் தன் பக்கம் கூப்பிட்டான். மரியாதையான பையன்தான். "எப்பா புத்தே," வேண்டாம் மகனே, என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, மகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மா..." என்று வாய் திறக்குமுன் நான் உரக்க, கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகிய ஆங்கிலத்தில், "மிஸ், வாட் இஸ் திஸ் டுவர்?" என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஒங்கம்மா இல்ல, கஸ்டமர். சொல்லுடி, சத்தமா," என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். எந்தக் கட்டடம் எப்போது வந்தது, எந்த பாரில் கப்பல்காரர்கள் குடித்தார்கள், எதில் பெண்களை உள்ளே விடவில்லை என்று போகப் போகக் குரல் ஏறியது. நான் விடவில்லை. கடையில் என்னைப் பாடாய்ப் படுத்தும் வாடிக்கைக்காரிகளைப் போலக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவளும் சளைக்கவில்லை. அந்த வயதான தம்பதி திரும்பிப் பார்த்தார்கள், பிறகு திரும்பியே வந்துவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்ணே இவள் பின்னால் போகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் முதுகில் பை சுமந்த நாலைந்து இளசுகள். நடை கிளம்பும்போது குடைப் பையன் பக்கத்துக்கு எங்கள் பக்கம் ஒன்றும் குறைச்சல் இல்லை.

சின்ன வயதில் கள்ளுத் தவறணை வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டதோடு சரி, உள்ளே நான் காலெடுத்து வைத்ததே இல்லை. முதல் பாரில் வலது காலை எடுத்து வைத்தே நுழைந்தேன். உள்ளே கறுத்த மரமும் பித்தளையுமாக, கோயில் மண்டபம் மாதிரி குளிர்ச்சியாக இருந்தது. எல்லோரும் பியர் வாங்கினார்கள். நான் ஓர் இஞ்சி சோடா வாங்கிக்கொண்டு கடைசியில் நின்றேன்.

மகள் ஒரு நாற்காலியில் கைவைத்துப் பேசினாள். ரப்பர் வாங்கி விற்ற துரைமார் இங்கேதான் குடித்தார்கள் என்றாள். "விலையை அவர்கள் இந்த மேசைகளில் பேசினார்கள். பாலை வெட்டியவர்கள் இந்த வாசலைக் கண்டதில்லை. என் அம்மா வெட்டினார். விடியும் முன் எழுந்து, மழைக்காலத்தில் அட்டைக் கடியோடு மரம் மரமாகப் போய் வெட்டினார்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. ஒரு பையன் தூக்கிய குவளையைக் குடிக்காமல் இறக்கி வைத்தான். அந்த வேலையைப் பற்றி இத்தனை பேர் வாயைத் திறக்காமல் நின்று கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கர்வம்தான், வேறென்ன? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லிவிட்டுப் போகட்டும். இது நிஜமாகவே பொன்.

அந்த வயதான அம்மா என் பக்கம் குனிந்தார். இரண்டு வழிகாட்டிகள் நின்றார்களே, எதை வைத்து நீ இவளைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டார். சொல்ல நிறைய இருந்தது, அதற்குத்தான் ஆங்கிலம் இல்லை. கடையில் நாங்களே வெட்டித் தைத்த சட்டையை ஒருவர் தூக்கிப் பிடித்து, நன்றாக இருக்கிறதே, எங்கே செய்தது என்று கேட்டால், சொந்தத் தயாரிப்பு என்று சொல்ல நான் ஆங்கிலத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அதுதான் வாயில் வந்தது.

மகளைக் கையால் காட்டி, பாரில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "ஓன் மேக்!" என்றேன்.