பெரினாவின் ஜன்னல்

கடலோர ஸ்பிளிட் நகரத்தில் பழைய பேரரசரின் அரண்மனைக்குள்ளேயே குடும்பங்கள் துணி காயப்போட்டு வாழ்கின்றன. அங்கே ஒரு சந்தில், இரண்டாம் மாடியில், பெரினா குடியிருந்தாள். கால்சட்டைக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவதுதான் அவள் தொழில். தையல் மெஷின் ஜன்னலோரம் இருந்ததால் சந்தில் நடக்கிற பேச்சு எதுவும் அவள் காதுக்குத் தப்பாது.

தினமும் காலையில் வழிகாட்டி லோவ்ரே குடையை உயர்த்திப் பிடித்தபடி வெளியூர்க் கூட்டத்தை அழைத்து வருவான். ஜன்னலுக்குக் கீழே நின்று, "பேரரசரின் சமையல்காரர்கள் இங்கேதான் தங்கினார்கள்" என்று ஆங்கிலத்தில் தொடங்குவான். அந்த அளவு ஆங்கிலம் பெரினாவுக்குப் புரியும். உடனே ஊர்ப் பேச்சில் மேலிருந்து குரல் வரும்.

"எந்தச் சமையல்காரன்டா? இங்க இருந்தது என் மாமியார்! அந்தம்மா வச்ச குழம்பைத் தின்னிருந்தா உன் பேரரசர் அன்னைக்கே ஊரைவிட்டு ஓடியிருப்பாரு!"

"அம்மையார் உங்களை அன்போடு வரவேற்கிறார்" என்று லோவ்ரே முகம் மாறாமல் மொழிபெயர்ப்பான்.

ஒருநாள் கூட்டத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிழவர் ஒருவர் இருந்தார். அவருடைய பெற்றோர் ஸ்பிளிட்டுக்குப் பக்கத்துத் தீவுக்காரர்கள்; ஊர்ப் பேச்சு அவருக்கு அத்துப்படி.

"தம்பி, அந்தம்மா எங்க வரவேற்றாங்க? மாமியாரையில்ல கிழிக்கிறாங்க!" என்றவர், பெரினா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார். சந்தே சிரித்தது.

அதோடு லோவ்ரேயின் நிம்மதி போயிற்று. வந்தவர்கள் எல்லாம் ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பெரினாவும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். லோவ்ரே வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தான்.

"மீன் வேணுமா? சந்தைக்குப் போங்க. மீன்காரி உங்களை ஏசினா அது நல்ல மீன். கொஞ்சினா நேத்து மீன். காபிக்கடையில உக்காந்தா சீக்கிரம் எழுந்திரிச்சிடாதீங்க. வீட்ல யாருக்கோ என்னமோன்னு எங்களுக்குப் பதறும்."

ஒரு மத்தியானம் லோவ்ரே மாடியேறி வந்தான். முகம் வாடியிருந்தது.

"அத்தே, நான் இதுக்குன்னு படிச்சு, பரீட்சை எழுதிட்டு வந்தவன். ஒருத்தரும் என் மூஞ்சியைப் பார்க்கமாட்டேங்கிறாங்க."

"என் ஜன்னல்ல நான் பேசுறேன். உனக்கென்ன வலிக்குது?"

"ஊரையே சொல்லித் தர்றீங்களே, உங்க வீட்டுக்கு அடியில இருக்கிற நிலவறையைப் பார்த்திருக்கீங்களா?"

பெரினா மெஷினை வேகமாக மிதித்தாள். "டிக்கெட் வாங்கி என் வீட்டு அடிப்பக்கத்தைப் பார்க்க எனக்கென்ன கிறுக்கா?"

ஆனால் மனசு குறுகுறுத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மேலேயே நடமாடியிருக்கிறாள். கீழே இறங்கிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. மறுநாள் நல்ல உடுப்பு உடுத்தி அவனோடு கிளம்பினாள்.

கல் வளைவுகளும் குளிர்ந்த கூடங்களுமாக நிலவறை விரிந்தது. பெரினா ஒவ்வொரு வளைவையும் தடவிப் பார்த்தபடி நடந்தாள். கூரையில் ஓர் ஓட்டையைக் கண்டதும் அவள் நின்றாள்.

"இது என்னடா?"

"மேல இருந்தவங்க போட்டது அத்தே. தலைமுறை தலைமுறையா குப்பை, கழிவு எல்லாம் இது வழியாத்தான் கொட்டினாங்க. கூடம் நிரம்பிடுச்சு. அதனாலதான் யாரும் உள்ள புகுந்து இடிக்கல. இவ்வளவு நல்லா மிஞ்சியிருக்கு."

"எங்க வீடு எந்தப் பக்கம்?"

அவன் தயங்கித் தயங்கி மேலே கையைக் காட்டினான்.

பெரினா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று அவன் பதறினான். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டு ஆளுங்க ஒரு உருப்படியான காரியமும் செஞ்சதில்லைன்னு நெனச்சேனேடா! பேரரசர் சொத்தையே காப்பாத்தியிருக்காங்க!"

அன்றிலிருந்து லோவ்ரே பேசி முடிக்கும்வரை அவள் ஜன்னலில் காத்திருந்தாள். அவன் தலையாட்டிய பிறகுதான் தொடங்குவாள். கழிவுக் கதையை அவன் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தான்.

அடுத்து அரண்மனைக்குள் இருந்த மணிக்கோபுரத்துக்கும் அவளே அவனை இழுத்துக்கொண்டு போனாள். மூச்சிரைக்க உச்சிக்கு ஏறியவள் கடலைப் பார்க்கவில்லை. தன் வீட்டுக் கூரையைத் தேடிப் பிடித்தாள். அடுத்த வீட்டுக்காரன் அதன்மேல் ஏறி, அவள் வீட்டு ஓடுகளை மிதித்துக்கொண்டு ஆன்டெனாவைத் திருகிக்கொண்டிருந்தான்.

"யோவ் ஸ்டிப்பே! இறங்குய்யா கீழ!"

கோபுரத்திலிருந்த வெளியூர்க்காரர்கள் திடுக்கிட்டு லோவ்ரேயைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடியே சொன்னான்.