திருத்தணி மலையை இழைத்தவன்

மரப்பெட்டியிலிருந்து ஆணியைப் பிடுங்கும்போது ஒரு கீச்சொலி வரும். தேஜ்பூர் ராணுவக் குடியிருப்பில் எங்களுக்குக் கொடுத்த வீட்டின் முன்னறையில், என் மனைவி தரையில் உட்கார்ந்து சுத்தியலின் கொக்கியால் அந்த ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தாள். மாற்றலாகி வந்த எங்கள் சாமான்கள் ரயிலில் வந்து சேர்ந்த நாள் அது. பெட்டியின் மூடியில் கறுப்புப் பெயின்ட்டில் என் பெயர், ரேங்க், நம்பர், சேர வேண்டிய ஊர் எல்லாம் பளிச்சென்று இருந்தன. மூடியைக் கழற்றி மடியில் வைத்துத் திருப்பினாள். அதன் உள்பக்கத்தில் அவளே செதுக்கிய ஆப்பிள் தோட்டம், ஓரமெல்லாம் ஆணி ஓட்டைகளோடு இருந்தது. மறுபடியும் திருப்பி மேல்பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். அந்தப் பக்கத்தில் திருத்தணி மலை இருந்திருக்க வேண்டும். மலை இல்லை. வழுவழுப்பாக இழைத்த மரத்தின் மேல் என் பெயர் இருந்தது.

அவள் என் மாமன் மகள். என்னைப் பாவா என்றுதான் அன்றும் கூப்பிட்டாள், இன்றும் கூப்பிடுகிறாள். கல்யாணத்துக்கு முன் திருத்தணியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் ஓவியம் படித்தவள். அதிலும் அவள் தேர்ந்துகொண்டது மரச்செதுக்கு. பலகையில் வேண்டாத இடத்தை உளியால் எடுத்துவிட்டு, மிஞ்சிய மேட்டில் அச்சு மையை உருட்டி, காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கும் படம். ராணுவத்தில் கிளார்க் வேலை, மாதச் சம்பளம், சொந்தத்தில் மாப்பிள்ளை என்று மாமா அவளை எனக்குக் கட்டிவைத்தார். அவள் உளிகளைப் பழைய லுங்கியில் சுருட்டிப் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு என்னோடு பதான்கோட்டுக்கு ரயிலேறினாள்.

ராணுவத்தானின் மனைவிக்கு எந்த வீடும் சொந்தமில்லை. சுவரில் ஆணி அடித்தால்கூட வீட்டை ஒப்படைக்கும் நாளில் கணக்குக் கேட்பார்கள். ஒரு வேலையை எடுத்து அது உருவாகி வரும்போது மாற்றல் உத்தரவு வந்து நிற்கும். இதற்கெல்லாம் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாற்றலுக்கு மாற்றல் எல்லா வீடுகளிலும் சேர்வது பெட்டிப் பலகைதான். மற்றவர்கள் அதில் அலமாரியோ கட்டிலோ அடித்துக்கொள்வார்கள், அவள் செதுக்கினாள். பதான்கோட்டில் ஆப்பிள் பெட்டிகள் கிடைத்தன. "இந்த ஊரு மரம் சொன்ன பேச்சு கேக்குது பாவா, நம்மூரு மாமரம்தான் அடம் புடிக்கும்" என்பாள். மரம் வீணாகக் கூடாது என்று பலகையின் இரண்டு பக்கமும் செதுக்குவது அவள் வழக்கம்.

அச்சு மையை மட்டும் விடுமுறையில் ஊருக்கு வரும்போது திருத்தணியில் ஒரு அச்சகத்தில் வாங்கிப்போவோம். ஒருமுறை ரயிலில் டப்பா மூடி நெகிழ்ந்து, என் சீருடைக் கால்சட்டையின் பின்புறம் கறுப்பாகிவிட்டது. மறுநாள் அதைக் கவனிக்காமல் போட்டுக்கொண்டு போக, அணிவகுப்பில் பின்வரிசை முழுவதும் சிரிப்பில் குலுங்கியது. வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் கால்சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒரே சீரா புடிச்சிருக்குது, நான் உருட்டினாகூட இப்டி வராது" என்றாள். கத்திக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஆரம்ப வருடங்கள் அப்படித்தான் போயின.

குடும்பநலக் கூட்டங்களில் அவளை ரங்கோலி போடச் சொல்வார்கள், பந்தலுக்குக் காகிதப் பூ வெட்டச் சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்துகொடுத்துவிட்டு வந்து, சமையல் மேடையில் பலகையைச் சாய்த்து உளியை எடுப்பாள். தட்டும் சத்தம் தாங்காமல் மாடி வீட்டுப் பஞ்சாபிப் பெண் சண்டைக்கு வந்தாள். வந்தவள் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தினமும் மத்தியானத்தில் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு வந்து, அங்கேயே தோல் சீவிக்கொண்டு பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. நான் மட்டும் அதைப் பொழுதுபோக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பி.ஏ. படித்தவன், நாளிதழில் தலையங்கம் தவறாமல் வாசிக்கிறவன், என் வீட்டுச் சமையல் மேடையில் நடப்பது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் முழு உண்மையில்லை. தெரிந்துகொள்ள மனமில்லை.

திருத்தணி மலையை அவள் அங்கேதான் செதுக்கினாள். ஆப்பிள் பெட்டிப் பலகைகளைப் பசைபோட்டு ஒட்டி அகலமாக்கி, ஒரு பக்கம் தோட்டத்தை முடித்து, மறுபக்கத்தில் ஆடிக் கிருத்திகை அன்று மலையேறும் கூட்டத்தை எடுத்தாள். புஷ்பக் காவடிகள், மொட்டைத் தலைகள், அப்பாவின் தோளில் தூங்கும் பிள்ளைகள், படியோரம் பொரிக் கடைகள். எல்லாம் நினைவிலிருந்து. ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலை நடந்தது. அவளுக்குக் கல்லூரியில் பாடம் சொன்ன ஆசிரியர் சென்னையில் ஒரு கண்காட்சி வைப்பதாகவும், அவள் படமும் வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார். செதுக்கி முடித்த சமயத்தில் மாமாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. மை தீர்ந்திருந்ததால் ஒரு படம்கூட எடுக்காமல் பிள்ளையோடு ஊருக்குக் கிளம்பினாள். ரயிலடியில் அவள் சொன்னது இது: "நைனாவ பாத்துட்டு வந்துர்றேன். நடுவுல போஸ்ட்டிங் வந்துட்டா அந்தப் பெரிய பலகைய மட்டும் போர்வைல சுத்தி எடுத்துகினு வாங்க பாவா. வேற இன்னா ஒடஞ்சாலும் பரவால்ல."

மாற்றல் வந்தது. சாமான்களைக் கட்டினேன். கடைசிப் பெட்டிக்கு மூடி இல்லை. அந்தப் பலகை அளவெடுத்தது போலப் பொருந்தியது. இவ்வளவும் அவசரத்தில் நடந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அவசரம் இருக்கவில்லை. யூனிட் தச்சரிடம் கேட்டிருந்தால் மாலைக்குள் வேறு பலகை கிடைத்திருக்கும். அதற்கு முந்தைய வாரம் ஒரு விருந்தில் அதிகாரி ஒருவரின் மனைவி என்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தபோது, "மரத்தில் படம் செதுக்குவாரே, அந்த அம்மாவின் கணவர்" என்றார். நான் சிரித்துக் கும்பிட்டேன். அது முள்ளாக உள்ளே நின்றது. தச்சரிடம் இழைப்புளியை மட்டும் இரவல் வாங்கி வந்தேன். விலாசம் எழுத வழுவழுப்பான பக்கம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மென்மையான மரம், சிரமமே இல்லை. காவடிகள் சுருள் சுருளாகக் கழன்று என் காலடியில் விழுந்தன. பிறகு தூரிகையை எடுத்து என் பெயரை எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று யூனிட்டில் பேர்.

தேஜ்பூரில் அவள் அழவில்லை. "யாரு பாவா இழைச்சது?" என்றாள்.

"யூனிட் கார்பெண்ட்டர். நான் ஆபீஸ் போயிருந்தேன்."

மூடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "அவரு இன்னா பண்ணுவாரு பாவம். மரம்னு நெனச்சிருப்பாரு" என்றாள்.

கண்காட்சிக்குப் படம் போகவில்லை. அந்த ஆசிரியர் திரும்பவும் கூப்பிடவில்லை. பல மாதங்கள் லுங்கிச் சுருட்டு அவிழாமலே கிடந்தது. வீட்டில் எந்தக் குறையும் இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு, பிள்ளைக்குப் பாடம், எனக்குத் தேய்த்த சட்டை. ஆனால் அவள் எதையும் உற்றுப் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். அந்த மாதங்களில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் அலுவலகம் விட்டு வந்தபோது வாசலிலேயே அந்தத் தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே போனால், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, நான் இழைத்த அதே பக்கத்தில் புதிதாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். லாரிப் பின்புறத்தில் சாமான்களோடு உட்கார்ந்து போகும் பெண்கள், மடியில் பிள்ளை, கையில் கூண்டோடு கிளி. ஆணி ஓட்டைகளை அடைக்கவில்லை. அச்சில் அவை மழைத்துளிபோல வெள்ளையாக விழுந்தன.

அன்றைக்கு வாசலில் கேட்ட அந்தச் சத்தத்துக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். அதற்குப் பிறகு அது நிற்கவேயில்லை. ஜான்சியின் வெயிலில், செகந்திராபாத்தின் ஒற்றை அறையில், நான் எல்லைப் பணியில் இருக்க, அவள் தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட வருடங்களில், தட்டிக்கொண்டே இருந்தாள். போன இடமெல்லாம் நாலு பெண்கள் அவளோடு சேர்ந்து செதுக்கினார்கள். பணி முடிந்து நான் கொண்டுவந்தது ஒரு பதக்கப் பெட்டி. அவள் கொண்டுவந்தது நாங்கள் வாழ்ந்த அத்தனை ஊர்களையும். என் பிள்ளைகளுக்குத் தங்கள் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று தெரிவது அவள் படங்களால்தான்.

இப்போது திருத்தணியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறோம். அவள் மணிக்கட்டு வலிப்பதால் கரண்டியால் தேய்க்கும் வேலை என்னுடையது. இந்த வருடம் சென்னையில் ஒரு சிறிய கூடத்தில் அவள் படங்களை வைக்கிறார்கள். அதை ஏற்பாடு செய்யும் பெண் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் கதையையும் கேட்டுப் பதிவு செய்தாள். லாரிப் பெண்களின் படம் வந்தது. என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கும் கதையையே அவளிடமும் சொன்னாள். "ஒரு கார்பெண்ட்டரு மா, என் திருத்தணி மலைய அப்டியே இழைச்சு எடுத்துட்டாரு. அவரு புண்ணியத்துலதான் இந்தப் படம்." அந்தப் பெண்ணும் சிரித்தாள். "இதையே படத்துக்குக் கீழ போட்டுர்றேன் ஆன்ட்டி" என்றாள்.

அந்தப் பெண் போன பிறகு யூனிட் தச்சரின் முகம்தான் நினைவில் நின்றது. அந்தத் தச்சர் ஒடிசாக்காரர். எங்களுக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்ததைத் தவிர எதுவும் செய்யாதவர். அவர் செய்யாத குற்றம் இனிச் சுவரில் மாட்டப்படும். மறுநாள் காலையில் என் மனைவி மை உருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "கார்பெண்ட்டர் இல்ல. நான்தான் இழைச்சேன். தெரிஞ்சேதான் இழைச்சேன்." விருந்தில் நடந்ததையும் சொன்னேன்.

அவள் உருட்டுவதை நிறுத்தவில்லை. மை காய்ந்துவிடும். காகிதத்தை வைத்துவிட்டு, கரண்டியை என்னிடம் கொடுக்காமல் தானே தேய்த்தாள், வலிக்கிற கையால். அந்த வாரம் முழுவதும் அப்படியே. சோறு போட்டாள், மாத்திரை எடுத்துவைத்தாள், பேசவில்லை. பிறகு ஒரு காலையில் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கார்பெண்ட்டர மன்னிக்க எனக்கு எத்தினி மாசம் ஆச்சு தெரிமா? அவரு புள்ளகுட்டி நல்லா இருக்கணும்னு மலைல வேண்டிகினுகூட வந்தேன்."

"தெரியாது."

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா அவ்ளோ சீக்கிரம் விட்டிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்பவும்தான். இருங்க, அவசரம் இன்னா. நான் எங்க போவப் போறேன்."

எழுந்துபோய்க் கைபேசியை எடுத்தாள். ஸ்பீக்கரில் கண்காட்சிப் பெண்ணின் குரல் கேட்டது.

"ஆங், நான்தான் மா. அந்த லாரி படத்துக்குக் கீழ எழுதினத மாத்திக்கோ. இழைச்சது கார்பெண்ட்டர் இல்ல, என் வூட்டுக்காரரு."

"அங்கிளா? ஐயோ. பேரு போடலாமா ஆன்ட்டி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"போட்டுக்கோ. ரேங்க்கோட போடு. எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும், அவருக்கு அதான் புடிக்கும்" என்றாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு புதுப் பலகையைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். பென்சிலில் மலையின் கோடு மட்டும் போட்டிருந்தது. "புடிச்சிகினு உக்காருங்க பாவா, அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்தாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.