நாற்பத்தொரு 'ஹெர் மெஜஸ்டி'

1

தணிக்கை அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது நான் சுவரொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூறு இருக்க வேண்டும். இருநூற்றுத் தொண்ணூற்றாறுதான் இருந்தன. அதைப் பற்றி என்னைத் தவிர யாருக்கும் கவலை இல்லை.

"அண்ணே, அந்தோணி பேசறேன்." அவர் அந்த அலுவலகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளர். "நீங்க அனுப்பினது சினிமாக் கதையா, துண்டுப் பிரசுரமா? தொரை கொதிச்சுப்போய் ஒக்காந்திருக்காரு லா. ஒடனே வாங்க."

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது; எங்கள் தீவில் இன்னும் வெள்ளைக்காரர் ஆட்சி. தமிழ்ப் படப்பெட்டிகளைக் கப்பலில் வரவழைத்துத் தியேட்டர்களுக்குக் கொடுக்கும் கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. சிராங்கூன் சாலையில் மாடி அறை. ஒவ்வொரு படத்தையும் பார்த்து, கதையையும் வசனத்தின் சாரத்தையும் ஆங்கிலத்தில் டைப் அடித்துத் தணிக்கைக்கு அனுப்புவது என் வேலை. அந்தத் தாள் சரியில்லை என்றால் அதிகாரி படத்தையே பார்க்க மாட்டார்.

அந்தப் படத்தில் ஒரு நாடு, மூன்று ஆண்டுப் பஞ்சம், கணவனை இழந்த ஒரு ராணி. மந்திரிகள் வரியை ஏற்றுகிறார்கள். பழியை ராணி மேல் போடப் பார்க்கிறார்கள். மக்கள் அரண்மனையை முற்றுகையிடுகிறார்கள். பதினாறு ரீல். 'ஒழிக' என்ற சொல் இருபத்தேழு முறை வருகிறது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஃபேரர் பார்க் பக்கத்துத் தியேட்டரில் தேதி கொடுத்தாகிவிட்டது.

முதலாளி ரத்தினசாமி என்னைப் பார்த்து, "படம் தீபாவளிக்கு வரலைன்னா, கிராணி, நீ பழைய கவர்மெண்டு ஆபீசுக்கே போயிக் கடுதாசி எழுது" என்றார். அங்கே என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து பதினான்கு மாதமாகியிருந்தது. என் வீட்டில் சாப்பிட ஐந்து பேர்.

2

வெள்ளைக்கார அதிகாரி என் தாள்களில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு வரியை எனக்கே படித்துக் காட்டினார். 'ஹெர் மெஜஸ்டிஸ் கவர்மென்ட்டைக் கவிழ்ப்போம் என்று மக்கள் உறுதி பூண்டு அரண்மனையை நோக்கிப் புறப்படுகிறார்கள்.'

எந்த ராணி இது என்று கேட்டார். சினிமா ராணி சார் என்றேன். சினிமா ராணிக்கு என் ராணியின் அரசாங்கம் எப்படி வந்தது என்றார்.

எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பழைய அலுவலகத்தில் இங்கிலாந்து மன்னர் காலமாகி அவர் மகள் ராணியானபோது, கையிருப்பில் இருந்த படிவங்களில் எல்லாம் 'ஹிஸ்' என்பதை அடித்து 'ஹெர்' என்று எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்துப் படிவங்கள். அதன் பிறகு ராணி என்று காதில் விழுந்தால் என் விரல்கள் தாமாகவே 'ஹெர் மெஜஸ்டி' என்று அடித்துவிடும். அரசு என்றால் 'ஹெர் மெஜஸ்டிஸ் கவர்மென்ட்'. டைப் அடித்த பிறகு இலக்கணப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் மூன்று முறை பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

இந்த ராஜத்துரோகம் முப்பத்தெட்டு இடத்தில் இருக்கிறது என்றார் அதிகாரி. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நாற்பத்தொன்று, சார். மூன்றை விட்டுவிட்டீர்கள்" என்றேன். அந்தோணி மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குள் புதுத் தாள்கள் வர வேண்டும். வராவிட்டால் பழையவை போலீசுக்குப் போகும் என்றார் அதிகாரி.

வெளியே வந்ததும் அந்தோணி, "கணக்கு வாத்தியாராப் போயிருக்கலாம் அண்ணே நீங்க. உள்ள போனா கம்பி எண்ணலாம், வாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

மறுநாள் காலை எட்டு மணிக்கே மெஷின் முன் உட்கார்ந்தேன். 'தி கிரவுன்' என்று போட்டேன். அதுவும் இங்கே அரசாங்கத்தின் பெயர்தான். கிழித்தேன். 'தி சாவரின்' என்றேன். அது நேராக ஆளும் ராணியையே குறிக்கும், இன்னும் மோசம். பதினொரு மணிக்குள் ஏழு தாள் வீண்.

முதலாளிக்கு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். பின்னால் வந்து நின்றுகொண்டு, "படத்துல அந்தம்மாவ எப்படிய்யா கூப்பிடறாங்க?" என்றார்.

"ராணிம்மா."

"அப்ப ராணிம்மான்னே அடி."

"இங்கிலீஷில் அப்படி ஒரு சொல் இல்லை, முதலாளி."

"இல்லேல்ல? அப்ப தொரை ஊருல அப்படி ஒரு ஆளும் இல்ல. அடிய்யா!"

எனக்கு எரிச்சலாக வந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவன் நான். ஆனால் நான்கு மணிக்கு அதிக நேரம் இல்லை. 'ராணிம்மா' என்றே நாற்பத்தொரு இடத்திலும் அடித்தேன். 'கவர்மென்ட்' இருந்த இடங்களில் 'அரண்மனை மந்திரிகள்' என்று மாற்றினேன். அப்படி மாற்றும்போதுதான் கவனித்தேன்: மக்களின் கோபம் படத்திலும் மந்திரிகள் மேல்தான். நான்தான் அதை ராணி மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன்.

மூன்று ஐம்பதுக்குத் தாள்களைக் கொடுத்தேன். மறுநாள் படம் பார்த்தார்கள். கடைசி ரீலில் ராணி கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் தானியக் கிடங்கின் சாவியோடு கூட்டத்தின் நடுவே வருகிறாள். அதிகாரி அந்தோணியிடம் ராணிம்மா என்றால் என்ன என்று கேட்டார். அம்மா மாதிரி, சார் என்றார் அந்தோணி. அதிகாரி தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

சான்றிதழை முதலாளியிடம் நீட்டினேன். "எத்தனை அடி வெட்டுனாங்க?" என்றார்.

"ஒரு அடிகூட வெட்டவில்லை."

"படத்துல வெட்டு இல்ல. ஒன் தாளுலதான் நாப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்குப் போன் போடப் போனார்.

அதன் பிறகு பதினொரு ஆண்டுகள் அதே மேசையில் இருந்தேன். எந்தப் படமானாலும் முதலில் முதலாளியிடம் கதையைத் தமிழில் வாயால் சொல்வேன். அவர் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு உயிரை வாங்குவார். அதற்குப் பிறகுதான் மெஷினைத் தொடுவேன். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். ஒரு தாள்கூடத் திரும்பி வரவில்லை. இப்போது அலுவலகங்களில் எழுதும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தெரியாத சொல்லுக்கு அகராதி இருக்கிறது. யோசிக்காமல் கையிலிருந்து விழும் சொல்லை நீங்கள்தான் நிறுத்திக் கேட்க வேண்டும்.