ஓடையில் வெள்ளம் அளக்க வந்தவர்

அன்று ஓடைக்கரையில் நானும் என் மனைவியும் கொத்தனாரும், பாலம் கட்டுவதற்காக வெள்ளம் அளக்க வந்தவரும் மட்டும் இருந்தோம். கொழிஞ்சாம்பாறை தாண்டி எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடும் அந்த ஓடையை அதுவரை யாரும் அளந்ததில்லை. அதன் கரையில்தான் நான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளம் உள்ளே வந்துவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

அளக்க வந்தவர் ஒல்லியான ஆள். பழைய வெள்ளம் விட்டுப்போன சேற்றுத் தடத்தையும் செத்தையையும் தேடி மரம் மரமாகப் போனார். எதைத் தொட்டாலும் விரலை மோந்து பார்ப்பார். ஆலமரக் கிளையில் தலைக்கு மேலே தொங்கிய வைக்கோல் பொதியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இவ்வளவு உயரம் வந்திருக்குதுங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, அது எங்க எருமையோட நஞ்சுக்கொடிங்க. கன்னு போட்டா வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுவோமுங்க. அதைப் போயி மோந்து பாத்துறாதீங்க!"

அவரும் சிரித்தார். பிறகு அதே மரத்தில் முழங்கால் உயரத்தில் நிஜமான சேற்றுத் தடத்தைக் கண்டுபிடித்தார்.

"அப்ப வீட்டுக்குப் பேஸ்மட்டம் அந்த உயரம் போதுமுங்களா?" என்றேன்.

"போதாதுங்க. அது நமக்குத் தெரிஞ்ச வெள்ளம். தெரியாததுக்கும் சேத்து ஏத்தோணும்."

"தெரியாததுக்கு எத்தனை வரி செங்கல்லுங்க?" என்று கொத்தனார் கிண்டலாகக் கேட்டார்.

"மூணு" என்றார் அவர், சிரிக்காமல்.

மூன்று வரி ஏற்றித்தான் கட்டினேன். எதை வைத்து மூன்று என்றார் என்பது இன்றுவரை விளங்கவில்லை. அவர் குரலில் சந்தேகமே இல்லை. மழை வலுத்தால் மட்டும், நாலு என்று சொல்லியிருக்கலாமே மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.