வளைகுடா ஹோட்டலுக்கு நான் சொன்ன பதில்

நாற்பத்தைந்து வயது வரைக்கும்தான் ஆள் எடுப்பார்கள் என்று ஏஜென்சிக்காரர் சொன்னபோது, எனக்கு நாற்பத்தைந்து முடிய ஏழு வாரம் இருந்தது. வளைகுடாவில் ஒரு ஹோட்டல். சாயங்காலங்களில் அதன் வரவேற்பறையில் கீபோர்டு வாசிக்கிற வேலை. இங்கே கல்யாண வரவேற்புக்கு இப்போது ஒரு லேப்டாப்பும் இரண்டு ஸ்பீக்கரும் போதும். போன வருடம் என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். இது போனால் வேறு இல்லை என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வாசித்து அனுப்பிய பதிவு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. விருந்தாளிகளிடம் இசையைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வருமா என்று வீடியோ காலில் பார்க்கவேண்டுமாம். என் ஆங்கிலம், கன்னியாகுமரி லாட்ஜில் வேலை பார்த்த காலத்தில் சுற்றுலா வந்தவர்களிடம் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டது. ஓட்டம் இருக்கும், ஒழுங்கு இருக்காது. கொட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் எடுக்கிற என் மனைவி, பத்து நாள் என்னைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மியூசிக்ஸ்னு சொல்லப்பிடாது. மியூசிக் தண்ணி மாதிரியாக்கும். ரெண்டு தண்ணி, மூணு தண்ணின்னு எண்ணுவியளா?"

"ரெண்டு செம்பு தண்ணிம்பேன்."

"அதேதான். டூ பீசஸ் ஆஃப் மியூசிக். பொறவு, ஈக்விப்மென்ட்ஸும் கெடையாது. ஈக்விப்மென்ட்."

"ஏட்டி, நாலு பெட்டி தூக்கிட்டுப் போறேன். அது ஒண்ணுதானா?"

"நாப்பது தூக்குனாலும் அதுதான். வெளயாடாதிய."

பத்தாம் நாள் யோசிக்காமலே சரியாக வந்தது. அவளே ஆச்சரியப்பட்டாள்.

திரையில் வந்த பெண் தன்மையாகப் பேசினார். என்ன மாதிரி மியூசிக் விருந்தாளிகளுக்குப் பிடிக்கும், என்ன ஈக்விப்மென்ட் வேண்டும் என்று கேட்டார். ஒரு இடத்திலும் நான் தடுமாறவில்லை. போனுக்குப் பின்னால் நின்று என் மனைவி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கடைசியாக அவர், உங்கள் அனுபவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

எங்கள் பக்கம் மூன்று மாடி கட்டியவர் "ஒரு கூரை போட்டிருக்கேன்" என்பார். மகள் டாக்டருக்குப் படித்தால் "ஏதோ படிக்கா" என்பார்கள். கேட்டவர் மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்வார். இருபத்திரண்டு வருடம் வாசித்த நான் சொன்னேன்: "ஐ நோ எ லிட்டில் மியூசிக், மேடம்."

அவர் நிறுத்தி, மறுபடியும் கேட்டார். "எ லிட்டில்?"

"யெஸ் மேடம். ஒன்லி எ லிட்டில்."

என் மனைவியின் கை மெல்லக் கீழே இறங்கியது.

இரண்டு நாளில் மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலம் நன்றாக இருக்கிறது, அனுபவம் போதாது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இருவத்திரெண்டு வருசம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"என் வாயால எப்பிடிச் சொல்லுகது?"

"பின்ன யாரு வாயால? அவ நம்ம தெருவுல வந்து நாலு வீட்ல விசாரிப்பான்னு நெனச்சியளா?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏஜென்சிக்காரருக்குப் போன் செய்து இருபத்திரண்டு வருட விவரத்தைச் சொன்னேன். "அத அங்கல்லா சொல்லணும் அண்ணாச்சி" என்றார். அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம்.

வேறு அழைப்பு எதுவும் இல்லாமல் ஏழு வாரமும் போயிற்று. வயது முடிந்த அன்று காலை, அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது சேலையைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"சுசீந்திரத்துல ஒருத்தரு பிள்ளைக்குப் பழைய கீபோர்டு தேடுகாராம். வரச் சொல்லட்டா?"

"சொல்லு" என்றேன்.